அசைபோடும் மாணாக்கர்



மாணாக்கர் பலதிறத்தினர் என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் வகுத்துரைத்தார். அன்னமும் பசுவும் போல்வார் முதல் மாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடை மாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போல்வார் கடை மாணாக்கர். கேட்டதை உடனே திருப்பிச் சொல்லும் கிளி இடைநிலையில் நிற்க, கண்ட புல்லை வயிறார மேய்ந்து, ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசு முதல்நிலை பெறுகிறது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்புகள் கைப்பேசித் திரைக்கு மாறியபோது இவ்வரிசை தலைகீழாயிற்று. வினா எழுந்ததும் விடை பகர்ந்த பிள்ளையே கற்றதாகக் கருதப்பட்டது. எண்ணிப் பேசும் பிள்ளை வாய்திறக்குமுன் அடுத்த வினா வந்துவிட்டது. முகம் தெரியாத திரையில் அதன் மௌனம் வருகையின்மையாகவே தோன்றிற்று. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஆயினும் அதனிடம் ஐயம் வினவ இயலாது. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் வகுப்பறை புகுந்தது 2021 நவம்பர் 1-ஆம் நாளன்று.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய தோல் தொழில் ஊர்களில் இதன் சுமை மிகுதி. காலணித் தொழிற்சாலைகளில் உழைப்போருள் பெரும்பாலார் பெண்கள். ஒரே கைப்பேசியுள்ள வீட்டில் அது தாயுடனோ தந்தையுடனோ வேலைக்குச் சென்றுவிடும். மாலையிலேயே பிள்ளையின் கைக்கு வரும். வீட்டில் உருது பேசும் பிள்ளைக்கோ எண்ணியதைத் தமிழில் அமைக்கவும் நேரம் வேண்டும். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பதமாக ஒரே காலம் கொள்வதில்லை என்பது இவ்வட்டாரத்தார் அறிந்ததே. காலையில் வினா விடுத்து, இரவுவரை எழுத்திலோ குரற்பதிவிலோ விடை பெறும் முறை இத்தகையோர்க்கு ஏற்றதாகும்.

எனினும், கண்ணால் கற்போர், செவியால் கற்போர் எனப் பிள்ளைகளை முத்திரையிடுதல் தகாது. அவ்வாறு பிரித்துக் கற்பிப்பதால் பயன் மிகும் என்பதற்குப் போதிய சான்றில்லை என 2008-இல் அமெரிக்க உளவியலார் நால்வர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி உரைத்தனர். கணக்கில் கிளியாகும் பிள்ளையே செய்யுளில் பசுவாகலாம்.

ஆசிரியர் உரையால் கால் பங்கும், உடன்பயில்வாரோடு பழகுதலால் கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் அரைப் பங்கும் புலமை நிரம்பும் என்பது நன்னூற் கணக்கு. அக்கணக்கின்படி, உரையாட வாயிலற்ற பிள்ளை இழந்தது முக்கால் பங்கு. பள்ளிகள் திறந்துவிட்டன, கைப்பேசி வகுப்புக் குழுக்களோ நீடிக்கின்றன. கவிஞராகவும் ஆசிரியராகவும் விளங்குவோர், வினாவுக்கும் விடைக்கும் இடையே ஓர் இரவேனும் விட்டுவைப்பாராக.