தண்ணி தூக்கினால்தான் கப்பல்!



"தண்ணீரை அடக்கியதே மனிதனின் பெருமை"ன்னு எதிரணித் தம்பி முழங்கினார். சாட்சிக்குப் பனாமா கால்வாயைக் கூப்பிட்டார். 1914-இல் திறந்த கால்வாய். கடல் மட்டத்துக்குச் சுமார் 26 மீட்டர் உயரத்தில் ஏரி. மலை மாதிரி கப்பல் படிப்படியா அதில் ஏறி, அந்தப் பக்கம் இறங்குது. சுற்றுலா வந்தவங்க மேல்தளத்தில் நின்னு வேடிக்கை பார்க்கிறாங்க. உண்மைதான்.

ஆனா தம்பி, அந்தக் கப்பலைத் தூக்குறது யாரு? கிரேனா? பம்பு செட்டா? (சிரிப்பு) கப்பல் தொட்டிக்குள் வந்ததும் பின்கதவைச் சாத்துறாங்க. ஏரித் தண்ணி தானா இறங்கி நிறையுது. கப்பல் மிதந்து உயருது. ஒரு கப்பல் கடக்கச் சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணி கடலுக்குப் போகுது. மக்கள் குடிக்கிறதும் அந்த ஏரித் தண்ணியைத்தான்! 2023-இல் மழை பொய்த்தது. கதவு இருந்தது, இயந்திரம் இருந்தது, தண்ணி போதலை. குழாயடியில் குடம் நிக்கிற மாதிரி கடல்லே கப்பல் வரிசையில் நின்னுச்சு! (கைதட்டல்)

நம்ம முக்கொம்புக்கு வாங்க. 1836-இல் மேலணை கட்டத் தொடங்கிய ஆர்தர் காட்டன், மணல்மேலே அணை நிக்கிற வித்தையைக் கல்லணையைப் பார்த்துப் படிச்சவர். பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணை கட்டி, கால்வாய்ப் படகு ஏறி இறங்க லாக் கதவும் வைத்தார். அவர் மேலணையிலேயே 2018 ஆகஸ்டில் 9 மதகுகளை வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சே!

தண்ணிக்கு அடங்கத் தெரிஞ்சவனைத்தான் தண்ணி தூக்கிவிடும். தீர்ப்பை எங்கள் அணிக்கே தாருங்கள்.