அடுப்பங்கரை விறகும் எங்க குழுப் புத்தகமும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னால பேசினவங்க கடன் வாங்கிக் கறவை மாடு வாங்கினது, தையல் மெஷின் போட்டதுன்னு நல்ல நல்ல விஷயமா சொன்னாங்க. நான் விறகைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. அடுப்புப் பக்கத்துல விறகை எப்படி வைக்கிறதுன்னு தெரியாம நான் பட்ட பாடு எங்க குழுவுல பன்னிரண்டு பேருக்கும் தெரியும்.

எங்க ராமநாதபுரம் பக்கம் வேலிக்கருவைக்குப் பஞ்சமே இல்லை. வெட்டிப் போட்டா விறகு. எட்டு வருசத்துக்கு முன்னால ஒரு ஐப்பசி. நாலு நாளா விடாத மழை. வெளியில கிடந்த விறகெல்லாம் நனைஞ்சு போச்சு. சூட்டுல காயட்டும்னு அத்தனையையும் உள்ள கொண்டுவந்து, அடுப்பை ஒட்டிச் சாய்ச்சு வச்சேன். மேல பன்னாடையும் பனை ஓலையும். அதுக்கு மேல சுவத்துல ஒரு ஆணி. அந்த ஆணியிலதான் எங்க குழுவோட பை தொங்கும். நான்தான் அப்ப ஊக்குநர். தீர்மானப் புத்தகம், சேமிப்பு, கடன் பதிவேடு எல்லாம் அந்தப் பையிலதான்.

அன்னைக்கு அத்தைக்கு வெந்நீர் போட ஒரு நீளக் கட்டையை அடுப்புல சொருகிட்டு, ஆட்டைப் பிடிச்சுக் கட்ட வெளியே போனேன். உள்ள இருக்கிற முனை எரிஞ்சு குறையக் குறைய வெளிப்பக்கம் கனம் கூடும். ஒரு நேரத்துல கட்டை குடை சாஞ்சு, கொள்ளியோட வெளியே விழுந்துடும். அப்படித்தான் விழுந்திருக்கு. முதல்ல ஓலை பிடிச்சிருக்கு, அப்புறம் பன்னாடை. நான் திரும்பி வரும்போது வாசல் வரைக்கும் புகை. அத்தை பக்கவாதத்துல படுத்திருந்தவங்க, எந்திரிக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்காக்கள் ஓடிவந்து, ரெண்டு பேர் அத்தையைப் பாயோட தூக்கினாங்க, மத்தவங்க மண்ணையும் தண்ணியையும் அள்ளி வீசினாங்க. அத்தைக்கு ஒரு கை வெந்துபோச்சு. யாரோ மாவு தடவலாம்னாங்க, இன்னொருத்தர் பேனா மை ஊத்தலாம்னாங்க. எங்க குழுவுல ஒரு தங்கச்சி விடலை. இருபது நிமிசம் பச்சைத் தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்து, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அதுதான் சரின்னு அங்க டாக்டரம்மாவும் சொன்னாங்க.

அத்தை பிழைச்சுட்டாங்க. பை பிழைக்கலை.

மறுநாளே ஊருக்குள்ள ஒரு பேச்சு. "பணத்தை எடுத்துட்டா, மாட்டிக்குவோம்னு புத்தகத்தைக் கொளுத்திட்டா." வீடு எரிஞ்சதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கலை அக்கா. இந்தப் பேச்சு சோறு திங்க விடலை. எங்க குழுவுல ஒருத்தர்கூட அதை நம்பலை. ஆனா நம்பிக்கை மட்டும் போதுமா? கணக்கு வேணுமே. பன்னிரண்டு பேரும் அவங்கவங்க பாஸ்புத்தகத்தை எடுத்துக்கிட்டு வந்தாங்க. வங்கிப் புத்தகத்தையும் பக்கத்துல வச்சுக்கிட்டு மூணு ராத்திரி உட்கார்ந்து முதல்லேர்ந்து எழுதினோம். ஒரு ரூபா குறையலை. அன்னைக்கு அந்தப் பாஸ்புத்தகத்துல ஒழுங்கா எழுதி வாங்கி வைக்காம இருந்திருந்தா, இன்னைக்கு உங்க முன்னால நின்னு பேச எனக்கு முகம் இருந்திருக்காது.

அதுக்கப்புறம் விறகு வைக்கிறதுல நான் மாத்திக்கிட்டதைச் சொல்றேன். உங்க வீட்டுக்கும் ஆகும்.

முதல் விஷயம், விறகு காயறது வெளியிலதான், அடுப்பு ஓரத்துல இல்லை. கோடையிலேயே வெட்டி, பிளந்து வைக்கணும். முழுக் கட்டையைவிடப் பிளந்த கட்டை சீக்கிரம் காயும். கீழே செங்கல் வச்சு, அதுமேல ரெண்டு கழியைப் போட்டு, தரையில படாம அடுக்கணும். இடுக்குல காத்துப் போகணும். மேல மட்டும் தகரம் இருந்தா போதும். நாலு பக்கமும் தார்ப்பாயைச் சுத்தினா உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். காஞ்சதான்னு பார்க்க, ரெண்டு கட்டையைத் தட்டிப் பாருங்க. காஞ்சது 'டங்'குன்னு கேட்கும், ஈரம் 'தொப்'புன்னு கேட்கும். நுனியில வெடிப்பு விட்டிருக்கும், பட்டை தானா உரியும். ஈர விறகு எரியறப்போ சூட்டுல ஒரு பங்கு அதுல இருக்கிற தண்ணியை ஆவியாக்கவே போயிடும். நமக்குப் புகையும் இருமலும்தான் கூடும்.

ரெண்டாவது, வீட்டுக்குள்ள ஒரு நாள் விறகு போதும். மழைக்காலம்னா ரெண்டு நாள். அதுவும் அடுப்பு வாய்க்கு நேரா இல்லாம, எதிர்ச் சுவர் ஓரத்துல, மூணு அடியாவது தள்ளி. அதையும் செங்கல் மேலதான் வைக்கணும். முழங்கால் உயரத்துக்கு மேல அடுக்கக் கூடாது, சரிஞ்சா குழந்தை மேல விழும். பன்னாடை, ஓலை, சருகு எல்லாம் தனியா மூடி போட்ட டின்னுல. நம்ம அம்மாமார் அடுப்புக்கு மேல பரண் போட்டு விறகு காயவச்சாங்க. மழைக்கு அது உதவிச்சு, வாஸ்தவம்தான். ஆனா தினமும் சூடு ஏறி முறுகிக் கிடக்கிற சுள்ளிக்கு ஒரு பொறி போதும்.

மூணாவது, உள்ளே கொண்டுவரும்போது கட்டையைத் தட்டி உதறி எடுங்க. தேளும் பூரானும் இடுக்குலதான் இருக்கும். எலி வந்தா பின்னாடியே பாம்பு வரும். இருட்டுல கையை விடாதீங்க, டார்ச் அடிச்சுப் பாருங்க.

நாலாவதுதான் ரொம்ப முக்கியம். 2016-ல உஜ்வலா திட்டம் வந்த பிறகு நம்ம பல வீட்டுல சிலிண்டரும் இருக்கு, விறகடுப்பும் இருக்கு. சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வாங்கக் காசு புரட்டுற வரைக்கும் விறகுதானே? ரெண்டும் ஒரே அடுப்பங்கரையில இருக்கக் கூடாது. கேஸ் காத்தைவிடக் கனம். கசிஞ்சா தரையோட படியும். நம்ம விறகடுப்பும் தரையிலதான் இருக்கு. சிலிண்டருக்குப் பின்னால விறகைத் திணிச்சா எலி கூடு கட்டி டியூப்பைக் கடிக்கும், நமக்குக் கண்ணுலயும் படாது. வாசனை வந்தா ஸ்விட்சைத் தொடாம, ரெகுலேட்டரை மூடிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் பண்ணுங்க.

கடைசியா, வேலை முடிஞ்சதும் கொள்ளியை வெளியே இழுத்து, தண்ணி தெளிச்சு அணைச்சுட்டுத்தான் நகரணும். எரியற அடுப்பை விட்டுட்டுப் போகவே கூடாது. பக்கத்துல ஒரு வாளி மண்ணு எப்பவும் இருக்கட்டும்.

எங்க குழுவுல வெளியே விறகுக்குத் தகரம் போட மூணு பேருக்கு உள்கடன் கொடுத்தோம். மூணு பேரும் கட்டி முடிச்சுட்டாங்க. உங்க குழுக் கூட்டத்துலயும் இதைப் பேசுங்க. தலைவிமார் எல்லாரும் இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒண்ணு பாருங்க: குழுப் புத்தகம் எங்க இருக்கு, விறகு எங்க இருக்கு?

எங்க புத்தகம் இப்ப முன் ரூம்ல இரும்புப் பெட்டியில இருக்கு. அத்தை இன்னும் நல்லா இருக்காங்க. தினமும் சாயங்காலம் படுக்கையில இருந்தே குரல் கொடுப்பாங்க, "கட்டையை இழுத்தியாடி?"ன்னு. இழுத்துட்டேன் அத்தைன்னு சொன்னாத்தான் தூங்குவாங்க.