ஓணான் ரத்தம் குடிக்குமா?



சித்தூர், திருப்பதி பக்கம் வேலிதோறும் ஓணான் இருக்கும். தெலுங்கில் தொண்ட என்பார்கள். சில மாதங்களில் ஆண் ஓணானின் கழுத்து சிவந்துவிடும். "தூரத்தில் இருந்தே நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது" என்று சொல்லிப் பிள்ளைகள் கல்லால் அடிப்பார்கள். பாவம்! அது இணை சேரும் காலம். பெண் ஓணானுக்குக் காட்டத்தான் அந்தச் சிவப்பு.

இன்னொரு மாற்றமும் உண்டு. காலைக் குளிரில் ஓணான் கறுத்திருக்கும். வெயில் ஏறினால் வெளுக்கும். எப்படி?

ஒரு வெள்ளைத் தட்டின் நடுவே எள்ளைக் குவியுங்கள். தட்டு வெளுப்பாகத் தெரியும். எள்ளைப் பரப்புங்கள். தட்டே கறுத்துவிடும். ஓணானின் தோலுக்குள்ளும் எள்ளைவிட மிக நுண்ணிய கறுப்புத் துகள்கள் உள்ளன. அவை பரவினால் தோல் கறுக்கும். குவிந்தால் வெளுக்கும்.

பரவச் சொல்வது யார்? மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. நமக்கும் உண்டு, பட்டாணி அளவில். பல்லி இனங்கள் பலவற்றில் இதில் சுரக்கும் ஹார்மோன் ரத்தம் வழியாகத் தோலுக்குப் போகிறது. உடனே துகள்கள் பரவுகின்றன. அமெரிக்காவில் அனோல் என்ற பச்சைப் பல்லி உண்டு. அது பழுப்பாகவும் மாறும். அறிஞர்கள் அதன் பிட்யூட்டரியை எடுத்துப் பார்த்தார்கள். அது பச்சையாகவே இருந்தது. ஹார்மோனை ஊசியில் ஏற்றினார்கள். பழுப்பானது! பச்சோந்தியின் கதை வேறு. அதற்கு நரம்புகளே கட்டளை கொண்டுபோகும்.

ஆக, ஓணானின் கழுத்தில் இருப்பது அதன் சொந்த நிறம். அது தின்பது எறும்பு, வெட்டுக்கிளி, வண்டு.