சுருதி, சுரம், இராகம், தாளம்

கண்டி மாநகருக்கு அணித்தேயுள்ள அம்பிட்டியவில், 1893ஆம் ஆண்டு, பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் விருப்பப்படி ஒரு குருமடம் நிறுவப்பெற்றது. இயேசு சபையார் நடத்திய அக்குருமடத்தில் இலங்கையரோடு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த மாணவரும் பயின்றனர். 1955இல் அது பூனா நகருக்கு மாறியபின், அம்பிட்டியவில் இலங்கையின் தேசியக் குருமடம் நிலைபெற்றது. பாப்பரசர் பத்தாம் பயஸ் 1903இல் கிரகோரிய இசையையே கோயிலிசைக்குத் தலையாய மாதிரியென வகுத்தார். பண்ணும் இராகமும் கேட்டு வளர்ந்த செவி அவ்விசையை எதிர்கொள்ளும்போது, நாள்தோறும் வழங்கும் இசைச்சொற்கள் சிலவற்றின் பொருள் புதிதாகத் துலங்கும்.

முதலில் சுருதி. இச்சொல் இரு பொருள் தந்து மயக்குவது. பாடுவோர் தம் குரலுக்கேற்பத் தேர்ந்துகொள்ளும் ஆதார ஒலி ஒன்று. தம்பூரா இடையறாது மீட்டித் தருவது அதுவே. ஒருவருக்கு ஒரு கட்டை, மற்றொருவருக்கு ஐந்து கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணி வந்த வழக்கு. மற்றொன்று, ஒரு ஸ்தாயியை நுண்ணியதாகப் பகுத்த அளவு. பழந்தமிழர் இதனை அலகு என்றனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 ஆக 22 அலகுகள் கூறப்படும். 1947இல் வெளிவந்த யாழ்நூலில் விபுலாநந்த அடிகள் இக்கணக்கினை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

சுரம் என்பது தனித்து நிற்கும் ஒலியன்று. ஆதாரத்தோடு கொண்ட உறவு. ஆதார ஷட்ஜத்தின் அதிர்வு இரண்டு பங்காயின் பஞ்சமம் மூன்று பங்கு, மேல் ஷட்ஜம் நான்கு பங்கு. ஆதாரம் எங்கே இருப்பினும் இவ்விகிதம் மாறாது. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியரான கீதோ என்னும் துறவி, ஒவ்வோர் அடியும் முந்தியதினும் ஒரு படி மேலே தொடங்கும் ஒரு இலத்தீன் துதிப்பாடலின் முதலசைகளை எடுத்து, ஊத், ரே, மி, பா, சோல், லா எனப் பெயரிட்டார். அவையும் தொடக்கத்தில் உறவைக் குறித்த பெயர்களே. ஒலியின் உயரத்தை எண்ணால் நிலைநிறுத்துவது மிகப் பிந்திய ஏற்பாடு. வினாடிக்கு 440 அதிர்வு என்னும் அளவு 1939இல்தான் உலக நாடுகளிடை உடன்பாடாயிற்று.

இராகத்தை 'மெட்டு' என்றோ 'சுர வரிசை' என்றோ பெயர்ப்பது போதாது. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஏறும் படியும் இறங்கும் படியும் ஒன்றே. எனினும் தேவகாந்தாரியின் நிதானமான அசைவைக் கேட்டவர் அதனை ஆரபியென மயங்கார். கமகமும், எந்தச் சுரத்தில் நின்று இளைப்பாறுவது என்பதும் இராகத்தின் உருவை அமைக்கின்றன. கிரகோரிய இசையிலும் இதற்கு நெருங்கிய ஓர் உறவினர் உண்டு. அதன் எட்டு முறைகளுள் முதலிரண்டும் ஒரே சுரத்தில் முடிபவை. ஆயினும் ஓதுகையில் குரல் தங்கும் சுரமும் குரல் உலாவும் எல்லையும் வேறாதலின் அவை வெவ்வேறாயின. அம்பிட்டிய மாணவர்க்கு இராகம் என்னும் சொல்லை விளக்க வேண்டுமாயின் இவ்விடத்தினின்று தொடங்குவதே நேர்வழி. பியானோவின் கட்டை வரிசையைக் காட்டித் தொடங்கினால் கமகம் கைநழுவும். இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி, 1971 வரை அவ்விலக்கினைப் பேணியதற்கும் இக்குறையே முக்கிய காரணம்.

தாளத்திலோ ஒப்புமை அற்றுப்போகிறது. கிரகோரிய இசை சொற்களின் ஓட்டத்தைப் பின்பற்றிச் செல்வது. சுற்றிவந்து மீளும் ஆவர்த்தனம் அதற்கில்லை. தாளத்திற்கு உறவு தேடுவோர் குன்றிறங்கிக் கண்டி நகருக்கே வரவேண்டும். கண்டிய நடனத்துக்குரிய கெட்ட பெரய என்னும் முழவைப் பயில்வோர்க்கு முதற்பாடம் தத், ஜித், தொம், நம் என்னும் நான்கு சொற்கள். மிருதங்கம் பயிலும் சிறுவனுக்கு முதற்பாடம் த, தி, தொம், நம்.