குதிரைக்கும் கல்லடைப்பு

கல்லடைப்பு என்றதும் நம் வீடுகளில் வாழைத்தண்டைத் தேடுவோம். குதிரைக்கும் அதையே புகட்டலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள், நாள்தான் வீணாகும்.

தீவனத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பெரும்பாலான விலங்குகளின் குடல் தேவைக்கேற்பத்தான் உறிஞ்சும். குதிரையின் குடலுக்கு அந்தக் கணக்குக் கிடையாது. கிடைத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். உடம்புக்குத் தேவையானது போக மிச்சமெல்லாம் சிறுநீரில்தான் போக வேண்டும். அதனால் நல்ல குதிரையின் மூத்திரமே கலங்கலாக, கொழகொழவென்றுதான் இருக்கும். பயப்பட வேண்டாம். அந்தக் கலங்கலிலுள்ள சுண்ணாம்புத் துகள்கள் சிறுநீர்ப்பைக்குள் சேர்ந்து இறுகிவிட்டால்தான் வம்பு. பெரும்பாலும் அது கால்சியம் கார்பனேட் கல்; மஞ்சள் நிறம், மேலெல்லாம் முள் முள்ளாக, சில சமயம் கைமுட்டி அளவு.

இப்படிக் கல்லைச் சுமக்கும் குதிரை ஓடினால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த முட்கள் பையின் சுவரை உராயும். சவாரி முடிந்து லாயத்தில் நீர் விடும்போது கடைசியில் சிவப்பாக வரும். அடிக்கடி முக்கும், சொட்டுச் சொட்டாகப் போகும். பெண் குதிரைக்கு நீர்த்தாரை குட்டை, அகலமும் கூட. சிறு கல் தானே வந்துவிடும். காயடித்த குதிரைகள்தான் அதிகம் அவதிப்படும்.

மருத்துவர் கையுறை மாட்டி ஆசனவாய் வழியாகத் தடவிப் பார்ப்பார். மணிக்கட்டு அளவு கை போனாலே பெரும்பாலும் கல் தட்டுப்படும். அவசரப்பட்டு முழங்கைவரை விட்டால் கல்லைத் தாண்டிப் போய்விடக்கூடும். ஸ்கேன் எடுத்தும் உறுதி செய்வார்கள்.

கல்லை வெளியே எடுப்பதுதான் சிகிச்சை. பெண் குதிரையை நிற்க வைத்தே, முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டுக் கையால் எடுத்துவிடலாம். ஆண் குதிரைக்கு வயிற்றைத் திறக்கலாம். கல் முழுசாக வரும். ஆனால் முழு மயக்கம் கொடுத்த குதிரை தடுமாறி எழும்போது காலை முறித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. நிற்க வைத்தே வாலுக்குக் கீழே கீறி, கல்லை உடைத்தோ லேசரால் நொறுக்கியோ எடுத்தால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் துணுக்கு ஒன்று தங்கினாலும் அதைச் சுற்றி அடுத்த கல் வளரும். பையை நன்றாகக் கழுவ வேண்டும்.

அதன்பிறகு குதிரைமசாலை நிறுத்துங்கள். அதில் சுண்ணாம்பு அதிகம். காய்ந்த புல் போடுங்கள். தீவனத்தில் கொஞ்சம் உப்பு சேர்த்தால் தாகமெடுத்து நன்றாகத் தண்ணீர் குடிக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குதிரை முக்கி முக்கி நின்றும் ஒரு சொட்டும் வரவில்லையென்றால், நீர்த்தாரையில் கல் அடைத்திருக்கலாம், பை வெடித்துவிடும். விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.