தைராய்டு மாத்திரையும் இல்லத்தார் கடமையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இலக்கியம் பற்றி ஏதேனும் பேசுமாறே செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். யாமோ இன்று ஒரு மருந்தைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். தமிழ் கற்பித்துக் காலங்கழிக்கும் எமக்கு இதில் என்ன உரிமையென்று நீங்கள் வினவக்கூடும். யாம் மருத்துவர் அல்லேம். யார் எவ்வளவு உண்பது என்று கூறும் தகுதி எமக்கில்லை. ஆயினும், மருத்துவர் முறைப்படி எழுதிக் கொடுத்த ஒரு மாத்திரையை எம் குடும்பத்திலேயே ஒருவர் பிழைபட உண்டதையும், மற்றொருவர் உண்ணாது விட்டதையும் கண்கூடாகக் கண்டோம். அவ்விரண்டையும் உங்கள்முன் மறையாது கூறுதல் எம் கடனென்று துணிந்தோம்.

கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல ஒரு சுரப்பி உளது. அதன் பெயராகிய தைராய்டு என்பது கேடயம் போன்றது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் வந்தது. தமிழிற் கேடயச் சுரப்பி எனலாம். ஆயின் மருந்துக் கடையில் அவ்வாறு கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் நோக்குவாராதலின் தைராய்டு என்றே வழங்குவோம். அச்சுரப்பி குருதியிற் கலக்கும் பொருள் ஹார்மோன் வகையைச் சார்ந்தது. ஹார்மோன் என்னும் பெயரை 1905ஆம் ஆண்டில் வழங்கியவர் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர். தூண்டுவது என்பது அதன் பொருள். உடலின் வெம்மை, நெஞ்சின் துடிப்பு, குடலின் இயக்கம், மனத்தின் ஊக்கம் ஆகிய யாவும் இதன் தூண்டுதலைப் பெற்றே செவ்வனே நடைபெறுகின்றன. இது குறைந்தவர்க்குக் களைப்பும் குளிர் பொறாமையும் மலச்சிக்கலும் முடியுதிர்தலும் உடற்பருமனும் தோன்றும். பெண்டிர்க்கு மாதவிலக்கு முறைகெடும். உடலைக் காக்கவேண்டிய காவற்படையே சுரப்பியைப் பகையென்று கருதித் தாக்குவதால் விளையும் குறைபாடு இவற்றுள் மிகுதி. 1912இல் அந்நோயை விரித்தெழுதிய ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ என்பாரின் பெயராலேயே அது வழங்குகின்றது.

இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து மருத்துவர் மர்ரே என்பவர் 1891இல், இந்நோயால் வருந்திய நாற்பத்தாறு வயது மாது ஒருவர்க்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அம்மாது நலமுற்று, மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1914இல் அமெரிக்காவில் கெண்டல் என்பார் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927இல் ஹாரிங்டனும் பார்கரும் அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். ஆகவே இன்று நாம் புட்டியில் வாங்கும் மாத்திரை, உடல் தானே சுரக்கவேண்டிய அதே பொருளேயன்றி அயலானதொன்றன்று. ‘ஆங்கில மருந்து, சூடு, பழக்கமாகிவிடும்’ என்று அதனை அஞ்சுவோர் இதனைச் சிந்திப்பாராக.

இனி எம் மனைவியார் செய்த பிழையைக் கூறுவோம். அவர் இசைவு பெற்றே கூறுகின்றோம். விடியலில் எழுந்ததும் காப்பி இறக்கி, அக்காப்பியோடு இம்மாத்திரையையும், எலும்புக்கென எழுதித் தந்த சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும், இரும்புச்சத்து மாத்திரையையும், ‘ஒரே வேலையாய் முடியட்டும்’ என்று ஒருசேர விழுங்கி வந்தார். 75 மைக்ரோகிராம் அளவு போதாமல் 100 ஆயிற்று. பின் 125 ஆயிற்று. ஒவ்வொரு சோதனையிலும் டி.எஸ்.எச். என்னும் எண் உயர்ந்தே நின்றது. இவ்வெண் உயர்ந்தால் தைராய்டு மிகுந்ததென்று பலர் மயங்குவர். உண்மை அதற்கு மறுதலை. அது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இடும் ஏவல். வேலையாள் சோம்பினால் மேற்பார்ப்பவர் குரல் உயர்வதுபோல, தைராய்டு குறையக் குறைய அவ்வேவல் உயரும். முடிவில் ஒரு மருத்துவர், “இதனை எதனோடு உண்கிறீர்கள், அம்மா?” என்று வினவியபோதே உண்மை வெளிப்பட்டது. சுண்ணாம்பும் இரும்பும் குடலிலேயே தைராக்சினைப் பற்றிக்கொண்டு குருதியிற் சேரவொட்டாமற் செய்யும். காப்பியும் அது உட்சேர்வதைக் குறைக்கும். ஆதலின் எழுந்தவுடன் வெறுவயிற்றில் தண்ணீரோடு மட்டும் மாத்திரை; அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியும் உணவும்; சுண்ணாம்பு, இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி என்று ஏற்பாடாயிற்று. காப்பிக்காகக் காத்திருந்த அந்த ஒரு மணி நேரம் அவருக்கு நோயினும் பெருந்துன்பமாயிருந்தது. எட்டு வாரத்தில் எண் சரிந்தது; சரிந்ததோடு நில்லாமல் நெஞ்சு படபடப்பும் கைந்நடுக்கமும் தோன்றின. உடலிற் சேராதிருந்த 125 இப்போது முழுதும் சேர்ந்துவிட்டதே காரணம். மருத்துவர் அளவை மீண்டும் 100க்குக் குறைத்தார். உண்ணும் முறையை மாற்றிக்கொள்வோர் அதனை மருத்துவருக்கு அறிவித்துச் சோதனை செய்துகொள்ளவேண்டும் என்பதை அன்று கற்றோம்.

மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு கூறு. 25, 50, 75, 88, 100, 112, 125 எனப் பல அளவுகளில் புட்டிகள் வருகின்றன. தோற்றத்திலோ ஒன்றுக்கொன்று வேற்றுமை சிறிதே. கடையை விட்டு இறங்குமுன் சீட்டிலுள்ள எண்ணையும் புட்டியிலுள்ள எண்ணையும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். சில புட்டிகளில் 0.1 மில்லிகிராம் என்றிருக்கும். அது 100 மைக்ரோகிராமேயாம். அளவு மிகுந்தால் முதியோர்க்கு நெஞ்சத் துடிப்பு ஒழுங்கு கெடும், எலும்பும் நலியும். உடல் மெலியவேண்டி இதனை வாங்கி உண்போரும் உளர் எனக் கேள்வியுறுகின்றோம். அது தீயொடு விளையாடுதலாகும்.

இம்மருந்து உடலில் மெல்லவே ஏறி மெல்லவே இறங்கும். உண்டதிற் பாதி கழிய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். ஆகையால் ஒருநாள் மறந்தமைக்கு அஞ்சவேண்டா. அன்றே நினைவு வந்தால் உண்ணலாம். மறுநாள் வேளை நெருங்கிவிடின் விட்டுவிடலாம். தாமே இரட்டையாய் உண்ணல் கூடாது. அளவு மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் சோதிப்பதும் இதனாலேயே. ‘எண் சரியாயிற்று, இனி மாத்திரை எதற்கு’ என்போர், விளக்கு நன்றாக எரிகின்றது, இனி எண்ணெய் எதற்கு என்பாரை ஒப்பர்.

இப்போது சொல்லுதற்கு அரியதொன்றைச் சொல்கின்றோம். எம் தமக்கையார் மகள் கல்லூரிக் காலமுதல் இம்மாத்திரை உண்டு வந்தவள். திருமணம் உறுதியானதும் எம் தமக்கையார் அவளிடம், “கொஞ்ச நாள் நிறுத்தி வை, தாயே. அந்த வீட்டார் கண்ணில் புட்டி படவேண்டா; குறையுள்ள பெண்ணைத் தள்ளிவிட்டோம் என்பார்கள்” என்றார். அச்சொல் எம் செவியிலும் விழுந்தது. அவள் எம்மை நோக்கி, “மாமா, நிறுத்தலாமா?” என்றாள். யாம் வாளாவிருந்தோம். நாற்பதாண்டு கடந்தும் தமக்கையை எதிர்த்துப் பேச நா எழவில்லை என்பதன்றி அதற்கு வேறு காரணம் இல்லை.

நான்காம் மாதம் அவள் சூலுற்றாள். அதற்குள் களைப்பால் பகலிலும் கண் சோர்வாள். சோம்பேறி என்னும் பெயரும் பெற்றாள். சூல் கொண்ட முதல் மூன்று மாதங்களில் கருவுக்குத் தன் தைராய்டு இல்லை. தாயின் குருதியிலிருந்தே அது பெறவேண்டும். கருவின் மூளை வளர்ச்சிக்கும் அது இன்றியமையாதது. அதனால் மாத்திரை உண்ணும் பெண்டிர்க்கு அக்காலத்தில் அளவு பெரும்பாலும் கூட்டவேண்டியதாகும். எம் பெண்ணுக்கோ உள்ள அளவும் இல்லை. ஒன்பதாம் வாரத்தில் கரு கலைந்தது. மாத்திரையை விட்டதே காரணமென்று மருத்துவர் அறுதியிட்டுக் கூறவில்லை. அன்று என்றும் கூறவில்லை. செய்தி அறிந்த அவள் மாமியார் எம் தமக்கையாரை நோக்கி, “ஒரு மாத்திரைக்காகவா, சம்பந்தி, என் வீட்டுக்கு அஞ்சினீர்கள்?” என்றார். அவ்விடத்தில் யாமும் நின்றிருந்தோம்.

மறுமுறை சூலுற்றபோது உறுதியான அன்றே மருத்துவரிடம் சென்றார்கள். அளவு கூட்டப்பட்டது, நான்கு வாரத்துக்கொருமுறை குருதி சோதிக்கப்பட்டது. விடியலில் தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக் கொடுத்தவர் அம்மாமியாரே. பிறந்த பெண் குழந்தைக்குக் குதிகாலில் ஒரு துளி குருதி எடுத்துத் தைராய்டு பார்த்தார்கள், குறையில்லை. அவள் இப்போது தத்தித் தத்தி நடக்கின்றாள்.

நம் இதழின் வரன் பக்கத்துக்கு விவரம் எழுதும் பெற்றோர் பலர் இங்கே இருக்கின்றீர்கள். இம்மாத்திரை உண்ணும் பெண்ணோ பிள்ளையோ உங்கள் இல்லத்தில் இருப்பின், பேச்சு முற்றுமுன்னரே எதிர் வீட்டாரிடம் கூறிவிடுங்கள். கேட்டு விலகுவோர் விலகட்டும்.

ஒன்றிரண்டு எஞ்சியுள்ளன. புட்டியை அடுப்பங்கரையிலும் குளியலறையிலும் வைக்கவேண்டா. வெம்மையும் ஈரமும் மருந்தைக் கெடுக்கும். நோன்பு நாளிலும் தண்ணீரோடு மாத்திரையை உண்ணுங்கள். முடியுதிர்வுக்கென விற்கும் பயோட்டின் மாத்திரை சோதனை எண்களைப் பிறழச் செய்யும். இரண்டு நாள் முன்பாவது அதனை நிறுத்துங்கள், சோதிப்போருக்கும் சொல்லுங்கள். சோதனை நாளில் குருதி கொடுத்த பின்னரே மாத்திரை உண்ணுங்கள்.

காப்பி வந்துவிட்டதென்று செயலாளர் அவர்கள் குறிப்பால் உணர்த்துகின்றார். விடியலிலேயே மாத்திரை உண்டவர்கள் தடையின்றி அருந்தலாம்.