கேமராவுக்குள் வராத செஞ்சி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டிலே இருந்துகிட்டு வீடியோ எடுக்கிறீங்களே, அதைப் பத்திப் பேசுங்க" என்றார் சங்கச் செயலாளர். பத்து நிமிஷம்தான் என்று கண்டிப்பாகவும் சொல்லிவிட்டார். ஆகவே கனடாக் குளிரை விட்டுவிட்டு நேராக நம்ம ஊருக்கே வந்துவிடுகிறேன்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் கோட்டைகள் என்ற வரிசையில் மொத்தம் 12. மகாராஷ்டிரத்தில் 11, மிச்சம் ஒன்று நம்முடையது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கோட்டையைப் பற்றி வருகிற வீடியோக்களைப் பாருங்கள், எல்லாம் ஒரே அச்சு. ட்ரோன் கிளம்பும், ராஜகிரி மேலே ஒரு சுற்று, கல்யாண மகால், தேசிங்கு ராஜாவுக்கு ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். கூடவே சக்கிலிய துர்க்கம் என்று ஒரு சின்னக் குன்றும் இருக்கிறது. தோல் வேலை செய்தவர்களின் சாதிப் பெயரைத் தாங்கி நிற்கிற குன்று. சேணமும் வாரும் இல்லாமல் எந்தக் குதிரைப் படை நடந்தது? ட்ரோன் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

நமக்கு முன்னாலேயே இங்கே வந்து வேறு மாதிரி பார்த்த ஒருவர் உண்டு. ஆல்ஃப் ஹில்டபீட்டல் என்கிற அமெரிக்கப் பேராசிரியர், 2023-இல் காலமானார். அவர் கோட்டையை விட்டுவிட்டு மேலச்சேரி திரௌபதி அம்மனைத் தேடிப் போனார். பாரதப் பிரசங்கம், விடிய விடியக் கூத்து, படுகளம், தீமிதி என்று நம் தாத்தா பாட்டி சாதாரணமாக நினைத்த திருவிழாக்களை உட்கார்ந்து பார்த்தார். 1988-இல் இரண்டு வேலை வெளிவந்தன. ஒன்று, திரௌபதி வழிபாட்டைப் பற்றிய பெரிய ஆராய்ச்சி நூலின் முதல் பாகம். இன்னொன்று, 'செஞ்சியின் நாயகி' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு வீடியோ. அமெரிக்க வகுப்பறைப் பிள்ளைகள் நம் ஊர்ப் பக்கத்துக் கூத்தை அதில்தான் பார்த்தார்கள். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? கை தூக்கச் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டேன்.

அந்தக் காலத்தில் திருவிழாவைப் பதிவு செய்ததே பெரிய காரியம். இன்றைக்கு அது மட்டும் போதாது. ஏன் என்று கேட்டால் மேல்பாதியைச் சொல்வேன். அதுவும் நம் விழுப்புரம் மாவட்டம், அதுவும் திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரலில் தீமிதித் திருவிழா சமயத்தில் உள்ளே வந்த தலித் மக்களைத் தடுத்துத் தாக்கினார்கள். ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. தலித் மக்கள் போலீஸ் காவலோடு உள்ளே போய்ச் சாமி கும்பிட 2025 ஏப்ரல் ஆகிவிட்டது.

துகிலுரிதல் கூத்தன்று சபையில் நின்று நியாயம் கேட்கிறாளே ஒருத்தி, அவளுடைய வாசலிலேயே இது! தீயையும் பூங்கரகத்தையும் அழகாக எடுத்துவிட்டு அந்த வாசற்படியை எடுக்காமல் வந்தால், அந்தப் படம் பாதிப் படம். பறை அடிப்பவர் எந்த இடம் வரைக்கும் வருகிறார், எங்கே நின்றுவிடுகிறார்? தேர் எந்தத் தெருவுக்குத் திரும்பாமல் போகிறது? கேமராவை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்த ஊரில் அவனுக்குக் கடை கிடையாது, நாளைக்கு யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை. அதனால் வாய் திறக்கலாம். ஆபத்தும் அதேதான். அவன் விமானம் ஏறிவிடுவான். கேமரா முன்னால் பேசிய அம்மா மறுநாள் அதே தெருவில் தண்ணீர் பிடிக்க வேண்டும். முகம் காட்டலாமா என்று அவரிடம் கேளுங்கள். எடுத்து முடித்ததும் முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்கிற துண்டை வெட்டிவிடுங்கள், எவ்வளவு நல்ல ஷாட்டாக இருந்தாலும்.

தூர தேசத்தில் இருந்தால் வம்பு வராது என்றும் நினைக்காதீர்கள். லீனா மணிமேகலை டொரண்டோவில் படித்துக்கொண்டிருந்தபோது 'காளி' என்று ஒரு படம் எடுத்தார். காளி அவர் உடம்பில் இறங்கி அந்த நகரத் தெருக்களில் நடக்கிறாள். 2022 ஜூலையில் போஸ்டர் வந்தது. காளி சிகரெட் பிடிக்கிறாள் என்று இந்தியாவில் பல ஊர்களில் வழக்குகள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு தந்தது. அந்தப் போஸ்டர் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் காளி வேஷம் கட்டி மனுஷர் ஆடுவதையும், அவர் மேல் சாமி வருவதையும் பார்த்து வளர்ந்த நாம் படத்தைப் பார்த்துவிட்டல்லவா பேச வேண்டும்?

'சார், எங்ககிட்ட பெரிய கேமரா இல்லையே' என்று நேற்று ஒரு தம்பி கேட்டார். மதுரையில் ஆர்.பி. அமுதன் 2003-இல் 'பீ' என்று ஒரு டாக்குமெண்டரி எடுத்தார். தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் வேலையைக் கேமரா கூடவே நடந்து காட்டுகிறது. அதற்கு ட்ரோன் எதற்கு? உங்கள் சட்டைப் பையில் இருக்கிற செல்போனே போதும். சத்தம் மட்டும் சரியாக வராது. கூத்தில் மிருதங்கமும் முகவீணையும் சேர்ந்தால் பேச்சு அமுங்கிவிடும். அதற்காக இரண்டு காலர் மைக்கும், நான் உபயோகித்த கேமரா ஒன்றும் கொண்டுவந்திருக்கிறேன். விழா முடிந்ததும் தமிழ்த்துறையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். யார் வேண்டுமானாலும் எழுதிவைத்து எடுத்துப் போகலாம், பூட்டி மட்டும் வைக்காதீர்கள். அடுத்த தீமிதிக்கு நான் ஊரில் இருப்பேன், எடுத்ததைக் காட்டுங்கள்.